செய்தியும் தொண்டும்

'செய்தி' என்னும் சொல் 'செய்' என்னும் அடியிற் பிறந்தது. இக்காலத்தார் அச்சொல்லைக் கேட்ட அளவிலே நாளிதழையும் வானொலியையும் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் நினைப்பர். பண்டைத் தமிழ் வழக்கிலோ செய்கை, செயல் என்னும் பொருளும் அதற்கு உண்டு. ஒருவர் செய்த செயலே பிறர் வாயிற் புகுந்து பரவும்போது செய்தியாகின்றது. அச்செய்தி கேட்டார் நெஞ்சிற் புகுந்து அவரைத் தூண்டுமாயின் மீண்டும் செயலாகின்றது. செயலிற் பிறந்து செயலில் முடிவதே நல்ல செய்தி. இடையிலே நின்று, கேட்டார் செவிக்கு மட்டும் சுவையூட்டி ஒழிவது வெறும் வம்பு.

இவ்வேறுபாட்டை ஒருவர் கற்க வேண்டிய பருவம் இளமைப் பருவம். கற்க வேண்டிய இடம் தொடக்கப்பள்ளியின் வகுப்பறை. ஊரில் நிகழ்வதை உள்ளவாறு அறிதலும், அறிந்ததற்கு ஏற்ற தொண்டினை இயன்ற அளவிற் செய்தலும், எண்ணும் எழுத்தும் போலவே தொடக்கக் கல்வியின் உறுப்புகள் ஆதல் வேண்டும். இவ்விரண்டினையும் பிரித்துக் கற்பித்தலாற் பயனில்லை. ஊரின் நிலையை அறியாது செய்யும் தொண்டு இருளில் எய்த அம்பு; தொண்டிற் சேராத செய்தி கரையிலே கவிழ்ந்து கிடக்கும் ஓடம்.

செய்தியையும் செயலையும் இணைத்துக் காண்பது தமிழர்க்குப் புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தின் முதற்காதைக்கு விழாவறை காதை என்பது பெயர். புகார் நகரில் இந்திர விழா நிகழவிருப்பதை, முரசறைவோன் ஒருவன் யானையின் பிடரியிலே முரசை ஏற்றி நகரமெங்கும் அறிவிக்கின்றான். விழா வருகின்றது என்பதனோடு அவன் உரை முடிந்துவிடவில்லை. தெருக்களிலும் மன்றங்களிலும் கிடக்கும் பழைய மணலை நீக்கிப் புதிய மணலைப் பரப்புமாறும், கமுகும் வாழையும் கரும்பும் நடுமாறும், பகைவரை எதிர்ப்பட்டாலும் பூசல் விளைக்காது விலகிச் செல்லுமாறும் அவன் நகர மாந்தரை வேண்டுகின்றான். ஓர் அறிவிப்பினுள்ளே தூய்மையும் அழகும் ஒற்றுமையும் ஆகிய மூன்று கடமைகள் அடங்கியிருத்தலைக் காணலாம்.

பிற்காலத்துச் சிற்றூர்களிலும் இம்முறை நிலவிற்று. ஏரிக்கரை இளகியது என்னும் செய்தி எட்டியதும் வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியும் கூடையும் கொண்டு புறப்படுதல் வழக்கமாயிருந்தது. ஏரி குளங்களையும் வாய்க்கால்களையும் ஊரார் தாமே கூடிச் செப்பனிட்ட அவ்வழக்கத்திற்குக் குடிமராமத்து என்பது பெயர். கரை இளகியதை முதலிற் கண்டவர் பெரும்பாலும் ஆடு மேய்க்கச் சென்ற சிறுவராகவே இருந்திருப்பர். சிறுவர் சொல்லை ஊர் அன்று புறக்கணித்திருக்குமாயின் ஏரியும் இராது, ஊரும் இராது.

இன்றைய நிலை வேறாக உள்ளது. கடல் கடந்த நாட்டில் நடந்த விளையாட்டுப் போட்டியின் முடிவை ஐந்தாம் வகுப்புச் சிறுவன் நொடிப்பொழுதில் அறிகின்றான். அடுத்த தெருவிலே மூன்று வீடுகளிற் காய்ச்சல் பரவியிருப்பதை அவன் அறியான். தொலைவிலுள்ளது அண்மையாயிற்று, அண்மையிலுள்ளது தொலைவாயிற்று. இக்குறைக்குக் கைப்பேசியைப் பழிப்பது எளிது. அண்மையிலுள்ளதை நோக்குமாறு அச்சிறுவனுக்குக் கற்பித்தவர் யார் என்று வினவுவதே முறை. அதனைக் கற்பிக்கும் கடமை வீட்டிற்கும் உண்டு, பள்ளிக்கும் உண்டு.

அதனைக் கற்பிக்கும் வழி யாது? ஏரிக்கரையை அடுத்த ஒரு சிற்றூரையும், அவ்வூரில் ஒரு தொடக்கப்பள்ளியையும் எண்ணிக்கொள்க. அப்பள்ளியின் ஐந்தாம் வகுப்பிலே சுவரோரமாக ஒரு பலகை. அதன் தலைப்பு 'ஊர்ச் செய்தி' என்பது. அதன்கீழ் மூன்று பத்திகள்: முதலாவது 'கண்டது', இரண்டாவது 'கேட்டது', மூன்றாவது 'செய்தது'. நாள்தோறும் காலையில் இறைவணக்கம் முடிந்தபின் மாணவர் இருவர் தாம் கொணர்ந்த செய்தியைக் கூறுவர். "நீ கண்டாயா, கேட்டாயா?" என்பதே ஆசிரியர் கேட்கும் முதல் வினா. கண்டது எனின் முதற்பத்தியிலும், கேட்டது எனின் இரண்டாம் பத்தியிலும் எழுதப்படும். கேட்டது ஒன்று முதற்பத்திக்கு ஏற வேண்டுமாயின், ஒருவர் நேரிற் சென்று கண்டு வருதல் வேண்டும்.

இச்சிறிய ஒழுங்கு சிறுவர்க்கு விளையாட்டாகத் தோன்றலாம். அதன் பயனோ பெரிது. 2018 ஆம் ஆண்டில், பிள்ளை பிடிப்போர் ஊருக்குள் வந்துள்ளனர் என்னும் பொய்யுரை கைப்பேசி வழியே நம் நாட்டின் பல மாநிலங்களிற் பரவிற்று. அதனை நம்பிய கூட்டத்தாரால் குற்றமற்றோர் பலர் அடித்துக் கொல்லப்பட்டனர். தமிழ்நாட்டிலும் அக்கொடுமை நிகழ்ந்தது. அடித்தவருள் எழுத்தறிந்தோரும் இருந்திருப்பர். கையில் வந்த எழுத்தைப் படிக்க அவர்கள் அறிந்திருந்தனர். "இதனைக் கண்டவர் யார்?" என்று கேட்கமட்டும் அவர்கள் பயிலவில்லை. பத்து வயதில் அவ்வினாவைப் பழகியவன் முப்பது வயதில் கூட்டத்தோடு கூடிக் கல்லெடுக்கத் தயங்குவான். அத்தயக்கம் ஓர் உயிரைக் காக்கும்.

மேற்கூறிய பலகையில் ஒருநாள், "மேலைத் தெருப் பாட்டியார் தம் மகள் ஊருக்குச் சென்றுவிட்டார்" என்னும் செய்தி 'கேட்டது' என்னும் பத்தியில் எழுதப்பட்டது எனக் கொள்க. மூன்று நாளாக அவர் வீட்டுக் கதவு திறக்கப்படவில்லை. ஆதலின் தெருவார் அவ்வாறு எண்ணினர். கண்டு வருவதற்காகச் சென்ற சிறுமி கதவைத் தட்டினாள். உள்ளிருந்து மெல்லிய குரல் எழுந்தது. பாட்டியார் எங்கும் செல்லவில்லை. கால் வீங்கி எழ இயலாமற் படுத்திருந்தார். குடத்தில் நீரில்லை. சிறுமி ஓடிவந்து கூறினாள். ஆசிரியர் ஊர்ச் செவிலியர்க்குச் சொல்லியனுப்பினார். அன்று முதல் அத்தெருப் பிள்ளைகள் முறைவைத்து நாளொன்றுக்கு ஒரு குடம் நீர் கொண்டு கொடுத்தனர். பாட்டியார்க்கு அவர்கள் செய்தது பெரிய உதவியன்று. கேட்டதைக் கேட்டவாறே விட்டிருந்தால் அச்சிறிய உதவியும் நிகழ்ந்திராது. உண்மையை நாடிச் சென்ற கால்களே தொண்டிற்கும் சென்றன.

தொண்டு யாண்டும் உடலுழைப்பாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. அளந்தறிதலும் ஒரு தொண்டு. முறையாக எழுதி முறையிடுதலும் ஒரு தொண்டு. தெருமுனைக் குழாய் ஓயாது சொட்டுகின்றது என்று ஒருவன் கூறினால், "எவ்வளவு?" என்று வகுப்புக் கேட்க வேண்டும். ஒரு பாத்திரத்தை வைத்து ஒரு மணி நேரம் பார்த்தால் அரை லிட்டர் சேர்கின்றது என்க. நாளொன்றுக்கு 12 லிட்டர். 30 நாளில் 360 லிட்டர். 15 லிட்டர் கொள்ளும் குடத்தால் அளந்தால் 24 குடம். இக்கணக்கைச் செய்யும் பிள்ளைகள் பெருக்கலையும் வகுத்தலையும் கற்கின்றனர். ஒருதுளி நீரின் அருமையையும் உடன் கற்கின்றனர். கணக்கு முடிந்தபின் ஊராட்சித் தலைவர்க்கு ஒரு விண்ணப்பம் எழுதுதல் வேண்டும். விண்ணப்பம் எழுதுதலைப் பாடநூலில் வெறும் பயிற்சியாகச் செய்யும்போது, அனுப்புநர், பெறுநர் என்பவை உயிரற்ற சொற்களாக நிற்கின்றன. குழாய் சொட்டுவதற்காக எழுதும்போது அவற்றிற்கு உயிர் உண்டாகின்றது. எழுத்துப்பிழை நேர்ந்தால் ஊரார் நகைப்பரே என்னும் நாணம் ஆசிரியரின் கண்டிப்பினும் நன்றாகப் பிழை திருத்தும்.

முதல் விண்ணப்பத்திற்கு விடை வாராமற் போகலாம். அப்போது மனம் சலியாது இரண்டாம் விண்ணப்பம் எழுதுதலே குடிமக்கட் பண்பு. கிராம சபை கூடும் நாளிற் பெற்றோர் வாயிலாக அதனைச் சபையின்முன் வைக்கலாம். 2010 ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளிகளில் மேலாண்மைக் குழு அமைக்கப்படுகின்றது. அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது காப்பாளர். குழுவிற் பாதியளவினர் பெண்கள். வகுப்பறையின் குரல் ஊரின் மன்றத்தை எட்டுவதற்கு இஃது ஒரு நல்ல வாயில். ஊழியர் செய்ய வேண்டிய பணியைப் பிள்ளைகள் தலையிற் சுமத்துவது தொண்டாகாது. அப்பணி நடைபெறுமாறு அறிவோடும் பணிவோடும் வற்புறுத்தக் கற்பதே அவர்தம் பருவத்திற்கு ஏற்ற தொண்டு.

பிள்ளைகள் தாமே செய்யத்தக்க பணிகளும் உள. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு என்னும் கொசு, சாக்கடையை நாடுவதில்லை. வீடுகளிற் சேமித்து வைத்த நன்னீரையும், உடைந்த சட்டி, தேங்காய்ச் சிரட்டை, பழைய உருளிப்பட்டை ஆகியவற்றிற் தேங்கிய மழைநீரையுமே நாடி முட்டையிடுகின்றது. முட்டை கொசுவாதற்கு ஏறக்குறைய 7 முதல் 10 நாள்களே போதும். நீர் வற்றினும் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிய முட்டைகள் பல திங்கள் கெடாதிருந்து, மீண்டும் நீர்பட்டதும் பொரிக்கின்றன. ஆதலின் வாரம் ஒருமுறை நீரைக் கொட்டினாற் போதாது. பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதலும் வேண்டும். இக்காரணத்தை அறிந்த வகுப்பினர், வெள்ளிக்கிழமைதோறும் தத்தம் வீட்டுத் தொட்டியையும் கொல்லைப்புறத்தையும் பார்த்துவந்து 'செய்தது' என்னும் பத்தியில் எழுதுவர். காரணம் அறியாது செய்யும் பணி ஓரிரு வாரத்தில் ஓய்ந்துவிடும். காரணம் அறிந்து செய்யும் பணி பழக்கமாகும்.

ஊர்ச் செய்தி எனினும் ஊரில் நிகழும் எல்லாமே பலகைக்கு உரியன அல்ல. ஒரு சிறுவனின் தந்தை கடன்பட்டதையும், ஒரு சிறுமியின் வீட்டிற் பூசல் நிகழ்ந்ததையும் கண்டவர் இருக்கலாம். அவை உண்மையே ஆயினும் பலகையில் ஏறுதல் கூடாது. ஒருவர் துன்பத்தைப் பலர் நடுவே வைத்தால் அவர் துன்பம் இருமடங்காகும். இத்தகைய செய்தியை ஆசிரியரிடம் தனியே கூறுக என்று பிள்ளைகட்கு உணர்த்துதல் வேண்டும். துன்புறும் பிள்ளையும் அவ்வாறே தன் துயரைத் தனியே கூறும் துணிவைப் பெறும். உண்மை பேசுதல் ஓர் அறம். பிறர் மானத்தைக் காத்தல் மற்றோர் அறம். இரண்டும் முரணாதவாறு ஒழுகப் பயிற்றுவிப்பதே கல்வி.

வகுப்பறைச் செய்தியாற் கல்வி வளரும் என்பதற்குப் பிற நாட்டிலும் சான்று உண்டு. பிரான்சு நாட்டின் தென்பகுதியில் பார்-சூர்-லூ என்பது ஒரு சிற்றூர். முதல் உலகப்போரில் நுரையீரலிற் புண்பட்ட செலஸ்தேன் பிரெனே என்பவர் 1920 ஆம் ஆண்டில் அவ்வூர்ப் பள்ளிக்கு ஆசிரியராக வந்தார். நெடுநேரம் உரத்துப் பேச அவர் உடல் இடந்தரவில்லை. ஆதலின் பிள்ளைகளை ஊருக்குள்ளும் வயல்வெளிக்கும் அழைத்துச் சென்றார். கண்டவற்றைப் பிள்ளைகள் தாமே கூறவும் எழுதவும் செய்தார். பின்னர்ச் சிறிய அச்சுப்பொறி ஒன்றை வாங்கி வகுப்பில் வைத்தார். தாம் எழுதியதைப் பிள்ளைகள் தாமே எழுத்துக் கோத்து அச்சிட்டனர். கடற்கரைப் பகுதியிலுள்ள தொலைதூரப் பள்ளி ஒன்றிற்கு அதனை அனுப்பினர். அப்பள்ளியிலிருந்தும் செய்தி பெற்றனர். ஆசிரியரின் குரல் தாழ்ந்தபோது பிள்ளைகளின் குரல் எழுந்தது. அச்சுப்பொறி இல்லாத பள்ளிக்குக் கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் போதும்.

இவ்வாறு கூறுங்கால், பெற்றோர் சிலர் தடை ஒன்று எழுப்புவர். "பிள்ளையை எழுத்தறிவிக்க அனுப்பினோம், தெருக்கூட்ட அனுப்பவில்லை" என்பது அவர்தம் கூற்று. இக்கூற்றை எளிதில் தள்ளிவிடுதல் தகாது. தலைமுறை தலைமுறையாகப் பிறர் தெருவைக் கூட்டி, அதனின்று தம் மக்களையேனும் மீட்கவேண்டிப் பள்ளிக்கு அனுப்பிய பெற்றோர் பலர் உளர். அவர் மனத்தில் துடைப்பம் என்பது பழைய இழிவின் அடையாளமாக நிற்கின்றது. அவர்க்கு விடை கூற விரும்பும் பள்ளி, சொல்லாற் கூறுதல் போதாது. நடத்தையாற் கூறுதல் வேண்டும்.

தொண்டு வேறு, ஏவல் வேறு. தொண்டு என்னும் சொல்லுக்கு அடிமைத்திறம் என்னும் பொருளும் உண்டு. எனினும் தானே விரும்பி மேற்கொள்ளும் பணியையே உலகம் தொண்டென்று போற்றுகின்றது. திருநாவுக்கரசர் கையில் உழவாரம் ஏந்திக் கோயில்தோறும் புல்லைச் செதுக்கித் தூய்மை செய்தார் என்பது மரபு. பெரும் புலவரும் சமயத் தலைவருமான அவரை அவ்வாறு செய்யுமாறு ஏவியவர் எவரும் இலர். விருப்பத்தால் ஏந்தியதனால் அக்கருவியும் பெருமை பெற்றது. அதே கருவியை, "உன் குலத்தொழில் இதுவன்றோ" என்று கூறி ஒரு பிள்ளையின் கையிற் கொடுப்பாராயின் அது தொண்டன்று; கொடுமை.

பள்ளியைப் பெருக்கவும் கழிப்பறையைக் கழுவவும் ஒரு சாரார் பிள்ளைகளையே ஏவிய இழிசெயல்கள் நம் நாட்டில் நிகழ்ந்துள்ளன. 1950 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பின் 17 ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. சட்டம் ஒழித்ததை வகுப்பறை மீண்டும் விதைத்தல் ஆகாது. எனவே தொண்டிற்கு முதல் விதி, முறை எல்லார்க்கும் ஒன்று என்பது. செல்வர் பிள்ளை, வறியர் பிள்ளை, ஆண், பெண் என்னும் வேறுபாடு அதனுள் நுழைதல் கூடாது. பெண்பிள்ளைகள் கோலமிடவும் ஆண்பிள்ளைகள் கணக்கெழுதவும் என்று பிரிப்பதும் தவறே. ஆசிரியர் பெயரும் முறைப்பட்டியலில் இருத்தல் வேண்டும். ஆசிரியர் தாமே துடைப்பத்தை எடுக்கும் நாளில், அதன்மீது படிந்த பழைய இழிவு நீங்கும். கழிவுநீர், மின்கம்பி, ஆழ்கிணறு ஆகியவை பிள்ளைகள் அணுகத்தக்கன அல்ல என்பதும் மறவாது காக்கத்தக்க விதி.

பணியைப் பகிர்ந்தளிக்க நம் நாட்டு வரலாற்றிலேயே ஒரு முறை உண்டு. உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921 ஆம் ஆண்டுகளுக்குரிய கல்வெட்டுகள் உள்ளன. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றிற்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்த முறையை அவை விரித்துரைக்கின்றன. கணக்குக் காட்டாது ஒழிந்தவர்க்கு மீண்டும் இடமில்லை என்பது அவற்றுள் ஒரு விதி. எனினும் அந்நாளில் ஊரார் எல்லாருடைய பெயரும் அக்குடத்தில் இடம்பெறவில்லை. நிலமும் மனையும் கல்வியும் உடையார்க்கே அவ்வுரிமை இருந்தது. இன்றைய வகுப்பறை அக்குடத்தை எடுத்துக்கொள்க. அதில் எல்லார் பெயரையும் இடுக. நீர் வாரியம், தோட்ட வாரியம், செய்தி வாரியம் என்று பிள்ளைகள் பணியைப் பகுத்துக்கொண்டு, திங்கள்தோறும் செய்ததற்குக் கணக்குக் காட்டுக. பழமையைப் போற்றுதல் என்பது அதன் நன்மையைக் கொண்டு குறையை நிரப்புதலாம்.

பெற்றோரின் தடைக்கு இரண்டாம் விடை, தொண்டினால் படிப்புக் கெடாது என்பதைக் காட்டுதல். 1937 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் வார்தாவில் நடந்த கல்வி மாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியின் அடிப்படையை எடுத்துரைத்தார். சாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. கையின் வழியே கருத்து வளர வேண்டும் என்பது அத்திட்டத்தின் உயிர்நாடி. 1964 முதல் 1966 வரை ஆய்ந்த கோத்தாரிக் கல்விக் குழுவும் செயல்வழிப் பட்டறிவும் சமுதாயத் தொண்டும் கல்வியின் எல்லா நிலைகளிலும் இடம்பெற வேண்டும் எனப் பரிந்துரைத்தது. வாரத்தில் ஒரு மணி நேரம் இதற்குப் போதும். அம்மணி நேரத்திற் பிள்ளை எழுதுகின்றது; எண்ணுகின்றது; அளக்கின்றது; பேசுகின்றது. இவையெல்லாம் படிப்பு அல்லவாயின், வேறு எது படிப்பு?

தொண்டைக் கெடுப்பது சோம்பல் மட்டுமன்று, விளம்பரமும் ஆம். பத்துப் பிள்ளைகளுக்கு எழுதுகோல் கொடுத்துவிட்டு, இருபது பேர் நின்று நிழற்படம் எடுத்து ஊரெங்கும் பரப்பும் வழக்கம் இந்நாளிற் பெருகியுள்ளது. பெறுவோர் முகத்தில் தோன்றும் நாணத்தை அப்படத்தில் ஒருவரும் பார்ப்பதில்லை. பெரியபுராணம் போற்றும் அப்பூதியடிகள் திங்களூரில் தண்ணீர்ப் பந்தல் அமைத்தார், அறச்சாலைகள் நிறுவினார். அவற்றுள் எதற்கும் தம் பெயரை இட்டாரல்லர். தாம் நேரிற் கண்டறியாத திருநாவுக்கரசரின் பெயரையே இட்டார். நீர் வேட்கையோடு வந்தவர்க்கு நீர் கிடைத்தது. கொடுத்தவர்க்குப் பெயர் வேண்டப்படவில்லை. வகுப்பறையின் பலகையிலும் 'செய்தது' என்னும் பத்தியில் செயல் மட்டும் எழுதப்படுக. செய்தார் பெயர் வேண்டா. அவ்வாறாயின் பெயருக்காகச் செய்வோர் குறைவர். பிறர்க்காகச் செய்வோர் நிலைப்பர்.

தொடங்கியதை முடித்தலும் தொண்டின் இலக்கணமே. விழாநாளில் நட்டுப் படமெடுத்த கன்றுகளுட் பல அடுத்த கோடையைக் காண்பதில்லை. நூறு கன்று நட்டுத் தொண்ணூற்றைச் சாகவிடுவதினும் ஐந்து கன்று நட்டு ஐந்தையும் வளர்ப்பது மேல். பள்ளி விடுமுறையில் நீர் ஊற்றுவோர் யார் என்பதை நடுவதற்கு முன்னரே முடிவு செய்தல் வேண்டும். ஐந்தாம் வகுப்பினர் பள்ளியை விட்டுச் செல்லும்போது தம் கன்றை நான்காம் வகுப்பினரிடம் பெயர் சொல்லி ஒப்படைத்துச் செல்லுதல் அழகிய வழக்கமாகும்.

இவ்வாறு பள்ளி ஊருக்குத் தொண்டு செய்தல் வேண்டும் என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு, அது நன்றியுணர்வு. தமிழ்நாட்டுப் பள்ளிகளை அரசு மட்டும் வளர்க்கவில்லை, ஊராரும் வளர்த்தனர். காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் விளங்கிய காலத்தில், 1956 ஆம் ஆண்டில், ஊர் மக்கள் அளித்த அரிசியையும் பருப்பையும் பொருளையும் கொண்டே பல பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகட்குப் பகலுணவு தொடங்கப்பெற்றது. பிள்ளைகள் பசியால் பள்ளிக்கு வாராதிருக்கின்றனர் என்னும் செய்தியே அத்தொண்டிற்கு வித்தாயிற்று. 1958 ஆம் ஆண்டு முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் நிலமும் கட்டடமும் பலகையும் நாற்காலியும் வரிசையாகக் கொணர்ந்து கொடுத்தனர். 1982 ஆம் ஆண்டில் ம. கோ. இராமச்சந்திரன் முதலமைச்சராக இருந்தபோது அவ்வுணவுத் திட்டம் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகட்குக் காலையுணவும் வழங்கத் தொடங்கினர். ஊரின் கையால் உண்டு வளர்ந்த பள்ளி, ஊரின் துயரை அறியாதிருத்தல் நன்றியாகாது. உலகத்தோடு ஒத்து வாழ்ந்து பிறர்க்கு உதவுதலை வள்ளுவர் ஒப்புரவு என்று குறித்து, அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அவ்வதிகாரத்தை மனப்பாடம் செய்யும் பிள்ளை, அதனை ஒருநாளேனும் செய்தும் பார்த்தல் வேண்டும்.

சிறுவர் செய்யும் சிறுதொண்டால் ஊர் திருந்திவிடுமா என்று ஐயுறுவோர் உளர். அவர்க்குப் பனையே விடை கூறும். ஆவணி, புரட்டாசித் திங்களில் ஏரிக்கரையிற் பனங்கொட்டையை ஊன்றும் சிறுவன், அடுத்த ஆண்டே மரத்தைக் காண்பதில்லை. பனையின் முளை முதலில் மேல்நோக்கி எழுவதில்லை. மண்ணினுள்ளே கீழ்நோக்கியே ஆழச் செல்லும். பல திங்கள் கழித்தே முதல் ஓலை வெளிப்படும். நுங்கு காண்பதற்குப் பதினைந்து ஆண்டுகளோ அதற்கு மேலுமோ ஆகலாம். அதுவரை அது வளர்ந்ததை அறிந்தவர் சிலரே. ஆயினும் மழைக்காலத்தில் ஏரிக்கரையை இறுகப் பிடித்து நிற்பது அதன் வேரே ஆகும்.

தொடக்கப்பள்ளியிற் பயிலும் தொண்டும் அத்தகையது. "இதனைக் கண்டவர் யார்?" என்று கேட்கும் பழக்கமும், "இதற்குச் செய்யத்தக்கது யாது?" என்று எண்ணும் பழக்கமும் இளநெஞ்சின் ஆழத்தில் வேரூன்றுக. அப்பிள்ளைகள் வளர்ந்து ஊரையும் நாட்டையும் தாங்கும் காலத்தில், கரை இளகாது நிற்கும்.